காயப்போடாத இடம்

எங்கள் ஊரில் விமானம் என்றதும் யாருக்கும் ஆகாயம் நினைவுக்கு வராது, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைதான் வரும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, பெருஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது ஊர். அதை ஒட்டி வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுதளம். வாரம் முழுக்க அதில் ஊரே மல்லாட்டை காயப்போடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளைடர் கிளப்காரர்கள் சிவப்புக் கொடி ஏற்றினால், முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் ஓரமாகத் தள்ளிவைப்பார்கள். அந்த முணுமுணுப்பை அடக்கத்தான் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம் என்று கிளப்பில் அறிவித்தார்கள். சேர்ந்தது ஒரே ஆள். என் அத்தை, அப்பாவின் தங்கை.

அத்தை திண்டிவனத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். ஞாயிறு வந்தால் பறப்பாள். கிளப்பில் இருந்தவை இரண்டே கிளைடர்கள். ஒன்று, பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து கற்றுத்தரும் இரட்டை இருக்கை வண்டி. என் அப்பாவைவிட மூத்தது. மற்றது ஒற்றை இருக்கை. இரண்டுக்கும் இன்ஜின் கிடையாது. ஓடுதளத்தின் மறுகோடியில் ஒரு பழைய லாரி இன்ஜின் கம்பியைச் சுருட்டி இழுக்க, பட்டம்போல விர்ரென்று மேலே ஏறும். அம்மாவுக்கு இதெல்லாம் ஆகாது. "காத்துல மிதக்கறதுக்குப் போய் காசு குடுத்துக்கினு கீறா பாரு" என்பாள்.

எனக்கு ஏழு வயதிருக்கும். ஒரு ஞாயிறு மாலை அத்தை ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினாள். அடுத்த வாரம் தனியாகப் பறக்கலாம் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டாராம். முதலில் அவரோடு ஒரு சுற்று. பிறகு அவர் இறங்கிக்கொள்வார், அதே வண்டியில் இவள் மட்டும். அப்படி முதன்முதலாகப் பறந்து இறங்குகிறவர் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது கிளப்பின் வழக்கம். நான்தான் ஊற்றுவேன் என்று அடம்பிடித்து, வீட்டிலிருந்த சின்னக் குடத்தைப் புளிபோட்டுத் தேய்த்து வைத்தேன்.

அந்த வாரமே கிளப்புக்கு வாட்ஸ்அப்பில் விமானத் துறையின் உத்தரவு வந்தது. எங்கேயோ இதே வகை இரட்டை இருக்கைக் கிளைடர் ஒன்றின் இறக்கை பறக்கும்போதே ஒடிந்துவிட்டதாம். வயதான வண்டிகளின் இறக்கைக்குள் விரிசல் இல்லை என்று சோதித்துச் சான்று தரும்வரை அவை தரையைவிட்டு எழும்பக் கூடாது. சோதிக்கத் தெரிந்தவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதே கிளப்பில் யாருக்கும் தெரியவில்லை. உத்தரவைக் குறை சொல்ல முடியாது, உயிரைவிட எது பெரிது? ஆனாலும் ஒரு வாரம் கழித்து வந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

அந்தச் சின்ன வண்டியில் போயேன் என்று அத்தையிடம் யோசனை சொன்னேன். அதில் ஏற வேண்டுமென்றால் முதலில் பெரியதில் தனியாகப் பறந்திருக்க வேண்டுமாம். "பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆவும், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்னுவாங்களே, அந்தக் கததான்" என்று சிரித்தாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

சின்ன வண்டி ஒன்றுக்காக இன்ஜினை ஓட்டக் கட்டுப்படியாகாது என்று கிளப்பில் கொடி ஏற்றுவதையே நிறுத்திவிட்டார்கள். கொடி ஏறாத ஞாயிறுகள் ஊருக்குக் கொண்டாட்டமாகிவிட்டன. ஓடுதளத்தில் அவரவர் வீட்டுப் பங்கில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பரப்பினார்கள். எங்கள் வீட்டுப் பங்கில் மட்டும் அத்தை விடியற்காலையில் துடைப்பத்தோடு போய், நடுவே ஒரு கிளைடர் உருளும் அகலத்துக்குப் பெருக்கி வைப்பாள். முன்னும் பின்னும் மற்றவர்களின் மல்லாட்டை. அந்த இடத்திலிருந்து ஒரு காக்கா வேண்டுமானால் கிளம்பலாம்.

"இன்னாம்மா இது பேஜாரு? ஊரே காய வச்சிக்கினு கீது, நம்ம எடம் மட்டும் சும்மா கெடக்குது!" என்று அம்மா கத்துவாள்.

"திடீர்னு ஆர்டர் வந்துச்சின்னா ஜல்தியா அள்ள முடியாது, அண்ணி."

மல்லாட்டை போய் எள் வந்தது, எள் போய் கேப்பை வந்தது. சண்டையும் தொடர்ந்தது. புதிதாகச் சேர்பவர்களுக்குக் கற்றுத்தர வண்டி இல்லை. சேர்பவர்கள் இல்லாமல் கிளப்பை நடத்த முடியவில்லை. விழுப்புரத்திலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்த கல்லூரிப் பையன்கள் கிரிக்கெட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். பயிற்சியாளர் வாராவாரம் வந்து பெரிய வண்டியைத் துடைத்தார். பிறகு மாதம் ஒருமுறை வந்தார், பிறகு வரவில்லை. லாரி இன்ஜின் யாரோ ஒருவரின் கிணற்றுக்குப் போயிற்று. நான் தேய்த்து வைத்த குடத்தை மட்டும் அம்மா எடுத்துப் புழங்கவே இல்லை.

மறுபடி மல்லாட்டை வந்த சமயத்தில், ஒற்றை இருக்கைக் கிளைடரை இறக்கை கழற்றி லாரியில் ஏற்றினார்கள். வேறெங்கோ ஒரு கிளப்புக்கு விற்றாகிவிட்டதாம். லாரி சாலையில் திரும்பும்வரை அத்தை நின்று பார்த்தாள். பிறகு ஒரு கூடை மல்லாட்டையைத் தூக்கிக்கொண்டு போய், தானே பெருக்கி வைத்த அந்த இடத்தில் கொட்டி, காலால் இடைவெளி இல்லாமல் பரப்ப ஆரம்பித்தாள்.

அப்பாடா, இனி வீட்டில் சண்டை இல்லை என்று நான் குதித்தேன். அம்மாவும் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அம்மாவோ துடைப்பத்தை எடுத்துவந்து, நடுவிலிருந்த மல்லாட்டையை ஓரத்துக்குத் தள்ளத் தொடங்கினாள்.

"அங்க வாணாம்மா. மழ வர்ற மாதிரி கீது. அப்பறம் ஜல்தியா அள்ள முடியாது."

நான் அண்ணாந்து பார்த்தேன். பொட்டு மேகம் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. "மழையே இல்லியேம்மா!" என்று உரக்கச் சொன்னேன். அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

உண்மையைச் சொன்னதற்கு அடியா என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைவிடச் சத்தமாக அழுதாள். எனக்கு விழுந்த அடிக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, எனக்கு வலிக்கவே இல்லை என்று சொல்லிச் சொல்லி நான் அவளைத் தேற்றினேன்.