உப்புப் போடாத பொரியல்

எங்கள் மேடவாக்கம் குடியிருப்பில் போர்வெல் தண்ணீர் கரிக்கும். நாங்கள் லாரித் தண்ணீருக்குச் சண்டை போடுவோம். மூன்றாம் மாடித் தாவரவியல் பேராசிரியர் மட்டும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அந்தப் போர் தண்ணீரையே வாளியில் ஆசையாகப் பிடித்துப் போவார். பால்கனித் தொட்டிகளில் உமரிக்கீரை வளர்த்தார். உப்பு மண்ணில் செழிக்கும் செடி அது. அவருக்கோ ரத்த அழுத்தம்; டாக்டர் உப்பே கூடாது என்றிருந்தார்.

ஒருநாள் அந்தக் கீரைப் பொரியலை எனக்கும் வைத்தார்.

"உப்பு தூக்கலா இருக்கே, சார்?"

"நான் ஒரு கல்லுகூடப் போடலையே!" என்றார். "செடியோட செல்லுக்குள்ள வாக்குவோல்னு ஒரு பை இருக்கு. அதோட சவ்வுல இருக்கற பம்ப், ஹைட்ரஜன் அயனிய உள்ள தள்ளிக்கிட்டே இருக்கும். அது திரும்பி வெளிய வர்ற வேகத்துல சோடியம் உள்ள போயிடும். உப்பை அங்க பூட்டி வெச்சுட்டு செடி தப்பிச்சுக்குது."

"நீங்க பூட்டை உடைக்கறீங்க."

"பல்லு வேற எதுக்கு?"

அவர் மனைவி மோர் கொண்டுவந்தார். "பாருங்க தம்பி, உப்பே இல்லாமதான் சாப்பிடறாரு. பிபி மட்டும் இறங்கவே மாட்டேங்குது. ஏன்னே தெரியலை."

என் வாய் நிறையக் கீரை. அதை விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று பார்த்தேன். அதற்குள் பேராசிரியர் என் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி வைத்துவிட்டார்.