உரப் பையில் கட்டிய புளி

மளிகைக் கடைக்குத் துணிப்பையும் தூக்குப்போசியும் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்து, தெருவில் உள்ளவர்கள் இப்போது என்னை மெச்சுகிறார்கள். பருப்பைத் துணிப்பையில் வாங்குகிறேன், எண்ணெயைப் போசியில். என் சமையலறையில் ஒரு பாலித்தீன் பை கிடையாது. "பூமியக் காப்பாத்தறீங்கம்மா" என்று எதிர்வீட்டு டீச்சர்கூடச் சொன்னார். பூமியாவது, காப்பாற்றுவதாவது! அந்தப் பையைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும், அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தருமபுரியை அடுத்த இண்டூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். அந்த வீட்டுக்குச் சொந்தத்தில் புளியமரங்கள் இருந்தன. பங்குனியில் புளியை உலுக்கி, ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து, வெயிலில் காயப்போடுவோம். நன்றாக ஆறிய பிறகு உப்புத் தூவித் தூவி மண்பானையில் அமுக்கி, வாயைத் துணியால் கட்டிவிட்டால் வருஷத்துக்கும் கவலையில்லை. ஆனால் வீட்டுக்குத் தூரமான பெண் அந்தப் பானை பக்கம் போகக்கூடாது. தீட்டோடு தொட்டால் புளி கெட்டுவிடும் என்பார்கள். அந்த நாட்களில் நான் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் தனித் தட்டு, தனிப் பாயோடு கிடப்பேன். சோறு அங்கேதான் வரும்.

நான் போன மறுவருஷம் பானை விரிசல் விட்டுவிட்டது. அந்த வீட்டில் எல்லாம் என் கணவரின் அண்ணன் வைத்ததுதான் சட்டம். மாமியார்கூட அவர் முகம் பார்த்துத்தான் பேசுவார். கம்பைநல்லூர்ச் சந்தையில் எவனோ ஒரு வியாபாரி பாலித்தீன் பையில் மிளகாய் கட்டி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தவருக்குத் தலைகால் புரியவில்லை. யூரியா மூட்டைக்குள் இருக்கும் தடித்த பையை உருவி, கிணற்றடியில் அலசிக் கொண்டுவந்து மாமியார் முன்னால் போட்டார்.

"பானை எதுக்கும்மா இனிமே? இது ஒடையாது, எறும்பு ஏறாது. பெங்களூர்ல அல்லாரும் இதுலதான் வெக்கிறாங்களாம்."

புளி அப்போதுதான் வெயிலிலிருந்து வந்திருந்தது. கணவரின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் எனக்கில்லை. மாமியாரிடம்தான், "அத்த, புளி இன்னும் சூடு ஆறலீங்க" என்றேன்.

"ஆறுனா என்ன, ஆறாட்டி என்ன? காத்தே பூராதும்மா இதுல" என்று அண்ணன் மாமியாருக்கே பதில் சொன்னார், எனக்கு அல்ல. சூட்டோடு சூடாக அள்ளித் திணித்து, சணலால் இறுக்கிக் கட்டி, பரண்மேல் ஏற்றிவிட்டார்.

ஆடியில் அவிழ்த்தார்கள். மேலெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம், உள்ளே தண்ணீர் கோத்துக் கொழகொழவென்று கிடந்தது. யூரியா நெடியும் சேர்ந்து அடித்தது. அண்ணன் பையின் வாயை முகர்ந்து பார்த்தார். முகம் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து, "பை சுத்தமாத்தான் இருந்துச்சு. யாரு கை பட்டுதோ, கேளும்மா" என்றார்.

மாமியார் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அன்னிக்கு நீ தூரமா இருந்தியா? மறைச்சுட்டு ஒக்காந்துட்டியா?"

"இல்லீங்க அத்த! மாரியம்மன் பண்டிகையப்பதான் நான் சாய்ப்புல கெடந்தேன். புளி கட்டுனது அதுக்கு அடுத்த வாரங்க. நீங்கதானே எனக்குச் சோறு போட்டீங்க?"

"எனக்கு என்ன ஞாபகம் இருக்குது" என்றார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அந்தப் பண்டிகையில் பொரிப் பொட்டலம் வாங்கிவந்து, சாய்ப்புக்கு வெளியே நின்று என் பக்கமாகத் தள்ளிவிட்டவர் அவர். அவருக்கு மறந்திருக்க முடியாது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் புண்ணியவான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அதன்பிறகு கிணற்றடியில் எனக்குப் பெயரே புளியைக் கெடுத்தவள். சொந்த மரம் வைத்திருக்கிற வீட்டுக்குக் கடையிலிருந்து காகிதப் பொட்டலத்தில் புளி வரும்போதெல்லாம் மாமியார் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். ஊறுகாய் ஜாடியை எடுத்துத் தரச் சொல்லக்கூட அந்த வீட்டில் என்னைக் கூப்பிடவில்லை. நாத்தனார் கல்யாணத்தில் என்னைச் சமையல் பக்கம் விடாமல் இலை கழுவ வைத்தார்கள்.

அடுத்த பங்குனியில் கணவரின் அண்ணன் தருமபுரிக்குப் போய் ஒரு பெரிய புதுப் பானையோடு வந்து இறங்கினார். பையைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அதைக் கிழித்துக் கொட்டகைக் கூரையில் ஒழுகுகிற இடத்தில் செருகியிருந்தார்கள். வெயிலிலிருந்து வந்த புளியை மாமியார் அள்ளப் போனார்.

"இரும்மா, அவசரப்படாத. நல்லா ஆறட்டும். சூட்டோட போட்டா வேர்த்துக்கும்" என்றார் அண்ணன்.

அடப்பாவி மனுஷா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறிய பிறகு உப்பை எடுக்கக் கை நீட்டினேன். "நீ தள்ளி ஒக்காரு" என்றார் மாமியார்.

மத்தியானம் கணவருக்குச் சோறு போட்டேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"பையாலதான் புளி கெட்டுதுன்னு உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சே இருக்குதுங்க."

"ம்."

"உங்களுக்கு?"

"பொரி வாங்கியாந்து குடுத்தவனுக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏங்க வாயத் தொறக்கல?"

சோற்றைப் பிசைந்தபடியே, நிமிராமல், "நாலு பேரு முன்னால அண்ணன் பேரு கெட்டுப்போவுமில்ல" என்றார். பிறகு ரசம் ஊற்றச் சொன்னார்.