ஏழரை மணியின் எதிரி

வாயில் ஜாக்கெட் கொக்கிகளைக் கவ்விக்கொண்டே கனகலட்சுமி அக்கா திட்டுவார். ஒரு கொக்கிகூடக் கீழே விழாது. "பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்து அழுகுறவ எங்கயாச்சும் கல்லு வச்ச ஜாக்கெட்டுப் போட்டுருப்பாளா? அழுகைக்குன்னு தனியாத் தச்சு வச்சிருந்தாளா?" என்பார். அவர் திட்டுவது மாலை ஏழரைக்கு டி.வி.யில் வரும் குடும்ப நாடகத்தை. வில்லாபுரத்தில் எங்கள் தெருவே மூக்கைச் சிந்திக்கொண்டு பார்க்கிற நாடகம் அது.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய தையல் கடைக்குச் சோறு போடுவதே அந்த நாடகம்தான். மூத்த மருமகள் போட்ட கை, சின்ன மருமகள் வைத்த கழுத்து என்று பெண்கள் போனில் படத்தைக் காட்டி நிற்பார்கள். அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டே அளவெடுத்து, அச்சு அசலாகத் தைத்துக் கொடுத்துவிடுவார். பிழைப்பு வேறு, பகை வேறு.

நாடகத்தை ஒழிக்க அவரிடம் இருக்கும் ஆயுதம் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகள். கணவர் அழகுபாண்டி அண்ணன் மைக்செட்காரர். அவர் பென் டிரைவுக்கு மாறியபோது தட்டுகளையெல்லாம் அக்கா எடுத்துக்கொண்டார். அட்டை கிழிந்தவற்றுக்கு வெட்டுத்துணியில் உறை தைத்திருக்கிறார். நாதஸ்வரத்துக்குப் பட்டு, நாட்டுப்பாட்டுக்குச் சுங்குடி. யார் கேட்டாலும் தருவார், தட்டைச் சுழற்றும் பிளேயரையும் சேர்த்தே தருவார். நிபந்தனை ஒன்றுதான். "ஏழரைக்குக் குடுப்பேன், எட்டுக்கு வாங்கிக்குவேன். முன்னப்பின்ன கெடையாது." நாடகம் ஓடுவதும் அதே அரைமணி நேரம்தான் என்பதைச் சொல்ல மாட்டார்.

எங்கள் தெரு லேசுப்பட்டதா? பக்கத்து வீட்டு லலிதாம்பாள் டி.வி.யின் சத்தத்தை அடக்கிவிட்டுத் தட்டைச் சுழலவிட்டார். நாடகத்து மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது கெட்டிமேளம் கொட்டியிருக்கிறது. கேள்விப்பட்ட அக்கா, "இப்பத்தேன் அந்த நாடகம் பாக்குற மாதிரி ஆயிருக்கு" என்றார்.

அக்காவின் தட்டுகளுக்கு முழுசாக விழுந்தவன் நான் ஒருவன்தான். ஏழரையானால் அவர் கடையில் போய் உட்கார்ந்துவிடுவேன். என் மனைவி தங்கப்பொண்ணு எதிர்க்கட்சி. அக்காவுக்குக் கொக்கி கட்டித் தருபவளும் அவள்தான், பகலெல்லாம் பேச்சுத்துணையும் அவள்தான். ஆனால் ஏழரைக்கு டி.வி. முன்னால் போய்விடுவாள்.

போன மாதம் வினை வந்தது. நாடகத்தில் மூத்த மருமகள் செத்துப்போனாள். மறுநாள் கண் வீங்கி வந்த தங்கப்பொண்ணிடம், துணி கொடுக்க வந்தவர்கள் முன்னால் அக்கா கேட்டுவிட்டார்: "ஏண்டி, அழுகுறதுக்கு அவளுக்குச் சம்பளம் குடுக்குறான். ஒனக்கு என்னத்தக் குடுத்தான்?" கடையே கொல்லென்று சிரித்தது. தங்கப்பொண்ணு கையிலிருந்த ஜாக்கெட்டை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

அக்காவுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லாமல் போயிற்று. கொக்கிகளைத் தானே கட்டினார், பாதி கோணல். தட்டு பாடி முடித்து ஊசி உள்வட்டத்தில் கரகரத்துக்கொண்டிருந்தது, அவர் எடுக்கவில்லை. "அம்புட்டுப் பேரு சிரிக்கிற மாதிரிப் பேசிப்புட்டேன் தம்பி. அவ இல்லாம கடையே வெறிச்சுன்னு கெடக்கு" என்றார். எனக்கு மனசு பொறுக்கவில்லை.

"வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசுங்கக்கா."

"வாரேன், வாரேன். வர்ற நேரம் எனக்குத் தெரியும்."

நேற்று ஏழரைக்கு வந்தார். கையில் தட்டும் இல்லை, பிளேயரும் இல்லை. தங்கப்பொண்ணு திரும்பிப் பார்க்காமலே பாயில் நகர்ந்து இடம் விட்டாள். அக்கா உட்கார்ந்தார். அந்த வாய் அரைமணி நேரம் சும்மா இருக்க வேண்டுமே! கல் வைத்த ஜாக்கெட்டுகள் வரிசையாக வந்து போயின, அக்கா மூச்சுவிடவில்லை. கடைசிக் காட்சியில், பால் தெளித்துக் காரியமெல்லாம் முடிந்த அந்த மூத்த மருமகள், தலை நிறைய மல்லிகைப்பூவோடு வாசலில் உயிரோடு வந்து நின்றாள்.

"எந் தாயே!" என்று தங்கப்பொண்ணு விம்மினாள்.

கனகலட்சுமி அக்காவின் தோள்கள் குலுங்கின. சேலை முந்தானையின் ஒரு முனையைச் சுருட்டித் தன் வாயில் திணித்துக்கொண்டு, மறுமுனையால் தங்கப்பொண்ணின் கண்ணைத் துடைத்துவிட்டார்.