ஆகஸ்ட் பதினைந்தாம் படி

எங்கள் மலைக்கு அடிவாரத்திலிருந்து முந்நூற்று அறுபத்தைந்து படிகள். வருஷத்தில் நாளுக்கு ஒரு படி என்று ஊரில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறி மலைப்பாதை வழியாகப் போவார்கள். நான் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவன். காலையில் முத்திரையில் தேதியை மாற்றி, ஒரு வெற்றுத் தாளில் குத்திப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த நாள் தொடங்கும். அப்படிப்பட்டவனால் இந்தப் படிகளைச் சும்மா ஏற முடியாது. முதல் படி ஜனவரி ஒன்று, கடைசிப் படி டிசம்பர் முப்பத்தொன்று என்று மனதுக்குள் தேதி போட்டுக்கொண்டே ஏறுவேன். கல்யாண நாளில் ஒரு நொடி நிற்பேன். மாமனார் இறந்த தேதியைத் தாண்டும்போது அதை மனைவியிடம் எடுத்துச் சொல்லி இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறேன். பிப்ரவரி இருபத்தொன்பதில் பிறந்தவர்களுக்கு முருகன் என்ன ஏற்பாடு செய்திருக்கிறார் என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

ஓய்வு பெற்ற சில வருஷங்களில் என் கண் போயிற்று. முழுதாகப் போகவில்லை. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். நடுவில் ஒரு சாம்பல் திட்டு. ஓரங்களில் உலகம் அப்படியே இருக்கிறது. ஒருவரை நேராகப் பார்த்தால் முகம் இருக்காது, இரண்டு காதுகள் இருக்கும். முகம் வேண்டுமென்றால் வேறு எங்காவது பார்க்க வேண்டும். என் மனைவியைப் பார்ப்பதற்கு நான் எதிர்வீட்டு வாசலைப் பார்க்க வேண்டியிருந்தது. இதை அவள் நம்புவதற்கு ஒரு மாதம் ஆனது. எதிர்வீட்டு அம்மாள் இன்னும் நம்பவில்லை.

ஆட்களை அடையாளம் தெரியாததைக் கொஞ்ச நாள் மறைக்கவும் முடிந்தது. வேறு ஊராக இருந்தால் முடிந்திருக்காது. இங்கே தெருவில் நடப்பவர்களில் பாதிப் பேர் மொட்டை அடித்து, தலை நிறைய சந்தனம் பூசியவர்கள். நல்ல கண் உள்ளவர்களே சொந்தச் சித்தப்பாவைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மகளிடமும் மறைத்திருந்தது ஒரு செவ்வாய்க்கிழமை வெளிப்பட்டது. மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். காபி டம்ளர் என்று நினைத்து அவளுடைய கைப்பேசியை நான் எடுத்து வாயில் வைத்தேன். அன்று மாலையே அவள் தீர்ப்பு சொல்லிவிட்டாள். அம்பத்தூரில் அவள் வீடு ஒன்பதாவது மாடி, லிஃப்ட் உண்டு, எங்களுக்கு ஒரு அறை தயார். இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இருவரும் அங்கே வந்துவிட வேண்டும். எனக்குத் திருத்தணியில் ஒவ்வொரு சாக்கடை மூடியும் தெரியும். மீன் மார்க்கெட் எங்கே முடிகிறது, பூக்கடை எங்கே ஆரம்பிக்கிறது என்பதை மூக்கு சொல்லும். அம்பத்தூரில் நான் வெறும் கண் தெரியாத ஆள். இதைச் சொன்னபோது மகளுக்குக் கோபம் வந்தது.

“அப்படின்னா ஒண்ணு செய்ங்கப்பா. யார் கையையும் புடிக்காம, தனியா, படி வழியா மலைக்குப் போயிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடுங்க. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்.”

கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் அதை வார்த்தை மாறாமல் டைரியில் எழுதி, மனைவியைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். டைரி எழுதுவதற்கு அப்போது என்னிடம் ஒரு அட்டைச் சட்டம் இருந்தது. கெட்டியான கல்யாணப் பத்திரிகையில் வரிவரியாகச் சந்து வெட்டியது; சந்துக்குள் பேனாவை ஓட்டினால் வரி கோணாது. அதைக் கொடுத்தது எங்கள் மையம்.

பார்வை குறைந்தவர்களுக்கான அந்த மையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. செங்குத்தான இரும்புப் படி. பெயர்ப்பலகை மிகச் சிறிய எழுத்தில் இருப்பதாக என் மனைவி சொன்னாள். வாரம் ஒருநாள், வியாழக்கிழமை, பள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு பயிற்சியாளர் அம்மா வருவார். என் மகள் வயது, கண்டக்டர் குரல். வெள்ளைக் கோலைத் தட்டி நடப்பது, பேசும் கைப்பேசியைக் கேட்டுப் பழகுவது, தோசை திருப்புவது எல்லாம் அவரே சொல்லிக்கொடுப்பார். மாதம் ஒரு முறை கூட வந்த உறவுக்காரர்களின் கண்ணைத் துணியால் கட்டிப் பத்து நிமிஷம் உட்காரவைப்பார். என் மனைவி நான்கு நிமிஷத்தில் அவிழ்த்துவிட்டு, “இவரு சொன்னதெல்லாம் நெசந்தான் போலகீது” என்றாள். முப்பத்தொன்பது வருஷத் தாம்பத்தியத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஒப்புதல் என்பதால் அன்றைய பக்கத்தில் மடிப்பு வைத்திருக்கிறேன்.

அங்கேதான் எனக்கு ஒரு நண்பர் கிடைத்தார். அம்மையார்குப்பத்தில் தறி வீட்டுக்காரர். பிறவியிலேயே பார்வை இல்லை. வீட்டுத் தறிகளுக்கு நூல் சுற்றிக் கொடுப்பவர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். முதல் நாளே என் கையைக் குலுக்கி, “வயசுல நீங்க பெரியவரு. கண்ணு விஷயத்துல நான்தான் சீனியர், ஞாபகம் வெச்சுக்குங்க சார்” என்றார்.

கோலைத் தட்டி நடப்பது கஷ்டமாக இல்லை. கஷ்டம், ஊராரின் அன்பு. கையில் வெள்ளைக் கோலோடு சாலை ஓரம் நின்றால் போதும், யாராவது முழங்கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அந்தப் பக்கம் எனக்கு வேலை இல்லை என்று சொல்ல வாய் திறப்பதற்குள் அவர்கள் புண்ணியத்தோடு போயிருப்பார்கள். திரும்பி வர நின்றால் அங்கே இன்னொருவர். ஒரு நாள் பஸ் நிலையத்தில் நிழலுக்கு ஒதுங்கினேன். இருவர் சேர்ந்து என்னைத் தூக்காத குறையாக நகரி பஸ்ஸில் ஏற்றி, ஜன்னல் சீட்டும் பிடித்துக் கொடுத்தார்கள். ஆந்திர எல்லை தாண்டுவதற்குள் இறங்கிவிட்டேன்.

நண்பரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். “உங்கள நகரிக்குத்தான் ஏத்துனாங்க. என்னை ஒருவாட்டி தெரியாத வூட்டுக் கல்யாணப் பந்தியில குந்தவெச்சிட்டாங்க சார்.”

“என்ன செய்தீர்கள்?”

“சாப்ட்டேன். வடை நல்லா இருந்துச்சு.”

மகளின் சவாலைப் பற்றிக் கேட்டதும் தானும் வருவதாக அவர் சொன்னார். பயிற்சியாளர் அம்மா ஒப்புக்கொண்டார். ஆனால் விதி வைத்தார். “ரெண்டு பேரும் கை கோத்துகினு போனா அது தனியா போனதா ஆவாது. ஒருத்தர் முன்னால போங்க. பத்து நிமிஷம் விட்டு இன்னொருத்தர். நடுவுல ஒரு எடத்துல பாத்துக்குங்க, மிச்சத்தை முன்ன பின்ன ஏறுங்க. நான் கீழயே குந்திகினு இருப்பேன்.”

எந்த இடத்தில் என்று யோசித்தோம். படிக்கு ஒரு தேதி என்ற என் கணக்கை நண்பரிடம் சொன்னேன். அவர் தொடையைத் தட்டினார். “அட, நானும் அப்படித்தான் சார் ஏறுவேன்!” இத்தனை வருஷத்தில் இந்தப் பைத்தியம் இன்னொருவருக்கும் இருப்பதை அன்றுதான் அறிந்தேன். நெகிழ்ந்துபோய், ஆகஸ்ட் பதினைந்தாம் படியில் சந்திப்போம் என்றேன். நாட்டுக்கு விடுதலை கிடைத்த நாள். முழங்கை பிடிப்பவர்களிடமிருந்து நமக்கும் கிடைக்கட்டும் என்றேன். அவர் விரல்களை மடக்கி ஏதோ எண்ணிப் பார்த்துவிட்டு, “ஆங், சரி” என்றார். அந்த விரல்களை நான் கவனித்திருக்க வேண்டும்.

மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அடிவாரத்தில் கூடினோம். முந்தின நாளே என் மனைவி மகளுடைய கைப்பேசி எண்ணை, ‘மகள்’ என்ற குறிப்போடு, கொட்டை எழுத்தில் எழுதி என் கோலில் ஒட்டியிருந்தாள். பெட்டிக்கு விலாசம் ஒட்டுவது போல இருக்கிறதே என்றேன். “பார்சல் ஒழுங்கா திரும்பி வரணுமே” என்றாள்.

நண்பர் முதலில் ஏறினார். பத்து நிமிஷம் கழித்து நான். இடது கையில் கோல், வலது கை கம்பியில், வாயில் தேதி. மார்ச் வரைக்கும் மூச்சு வாங்கவில்லை. ஏப்ரல் இறுதியில் காவடிக் கூட்டம் ஒன்று மேளத்தோடு இறங்கி வந்தது. கம்பியோடு ஒட்டி நின்று கடைசித் தாளம் போகும்வரை காத்திருந்தேன். மேளம் இன்னும் காதில் அதிர்ந்துகொண்டிருக்க, மே மாதத் தொடக்கத்தில் யாரோ ஒருவர் படியின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தது ஓரப் பார்வையில் நிழலாகத் தெரிந்தது. தாண்டிப் போனேன். ஜூலையில் கால் வலித்தது. ஆகஸ்ட் பதினைந்தில், அதாவது இருநூற்று இருபத்தேழாவது படியில், நின்றேன். அங்கே யாரும் இல்லை.

கைப்பேசியில் அழைத்தேன். “எங்க கீறீங்க சார்?” என்றார் நண்பர்.

“ஆகஸ்ட் பதினைந்தில் நிற்கிறேன்.”

“நானும் அங்கதான குந்திகினு கீறேன்!”

“இங்கே யாரும் இல்லையே?”

“எனக்குத்தான் தெரியாது. உங்களுக்கு ஓரத்துல தெரியும்னு சொன்னீங்களே, நல்லா ஓரத்துல பாருங்க.”

“பார்த்துவிட்டேன். ஆகஸ்ட் பதினைந்தில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.”

இதை நான் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. இரண்டு படி மேலே இளைப்பாறிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார். புது மொட்டை, சந்தன வாசனை.

“பெரியவரே, இன்னிக்கு இன்னா தேதி, தெரியுங்களா?”

“நன்றாகத் தெரியும். ஆனால் நான் இப்போது நிற்பது ஆகஸ்ட் பதினைந்து.”

உண்மையைச் சொல்லியே ஒரு மனிதன் கெட்டுப்போவதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் என் கோலைத் தூக்கிப் பார்த்தார், எண்ணைப் படித்தார், தன் கைப்பேசியில் அடித்தார். நான் தடுப்பதற்குள் ஒலிபெருக்கியில் மகளின் குரல் கேட்டது.

“அம்மா, உங்க நைனா மலைப் படியில தனியா நின்னுகினு கீறாரும்மா. கண்ணு தெரியல, அது கூட பரவால்ல. ஆகஸ்ட் பதினஞ்சுன்றாரும்மா.”

அம்பத்தூர் அறையில் எனக்காகக் கட்டில் போடும் சத்தம் கேட்டது போலிருந்தது.

“அவர்கிட்ட குடுங்க. அப்பா, என்ன நடக்குது அங்க?”

படி, தேதி, நண்பர், விதி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் சின்ன வயதில் என்னோடு ஏறியவள். தன் பிறந்தநாள் படியில் மிட்டாய் கேட்டு உட்கார்ந்தவள். “அப்போ அந்த மனுஷன் எந்த ஆகஸ்ட்ல இருக்காரு?” என்றாள். என் கையிலிருந்த கைப்பேசியில் நண்பர் இன்னும் காத்திருந்தார். “உங்கள் முதல் படி எது?” என்று கேட்டேன்.

“இன்னா சார் கேள்வி இது? வருஷப் பொறப்பு. சித்திரை ஒண்ணு.”

தறிக்காரர்களுக்கு ஆவணி முகூர்த்தமும் தை முகூர்த்தமும்தான் காலண்டர் என்பதை நான் நினைக்கவே இல்லை. ஆகஸ்ட் பதினைந்தை அவர் விரல் மடக்கி ஆடி முப்பதாக மாற்றிக்கொண்டு, சித்திரையிலிருந்து எண்ணி உட்கார்ந்திருந்தார். நல்லவேளையாகத் தெலுங்கு வருஷப் பிறப்பான உகாதியிலிருந்து தொடங்கவில்லை. தொடங்கியிருந்தால் ஒவ்வொரு வருஷமும் ஒரு புது இடத்தில் அவரைத் தேட வேண்டியிருக்கும்.

“நூற்று மூன்று படி கீழே இருக்கிறார்” என்றேன்.

“நூத்தி நாலு வருதுப்பா” என்றாள் மகள். அவளும் எண்ணியிருந்தாள்.

“ஏப்ரல் பதினாலைச் சேர்த்துவிட்டாய். அது அவருடைய முதல் படி. பதின்மூன்றோடு நிறுத்து.”

முணுமுணுத்து மறுபடி எண்ணி, “ஆமா, நூத்தி மூணு” என்றாள். கம்பியைப் பிடித்து இறங்கத் தொடங்கினேன். மொட்டைக்காரர் தன் கைப்பேசியை நீட்டியபடியே கூட வந்து, மறு கையால் வழக்கம்போல என் முழங்கையைப் பற்றினார்.

“அவரு கால் தடுமாறுதும்மா, நான் புடிச்சிக்கிறேன்.”

“அண்ணா, கையை எடுங்க!” என்று மகள் கத்தியது மலை முழுக்கக் கேட்டிருக்கும். “புடிச்சீங்கன்னா கணக்குல வராது!”

அவர் சூடு பட்டது போலக் கையை எடுத்தார். நான் இறங்கினேன். அங்கிருந்து நூற்றுமூன்றாவது படியில் என் கோல் இன்னொரு கோலில் தட்டியது. காவடி மேளத்தின் காதடைப்பில் நான் தாண்டிப் போன அதே நிழல்தான் அது.

“வாங்க சார், சுதந்திரம் வந்துச்சா?” என்றார் நண்பர். “மூணு பேரு என்னை மேல இட்டுகினு போறேன்னு வந்தாங்க. ஒருத்தரு தூக்கவே பாத்தாரு. கம்பிய கட்டிப் புடிச்சிகினேன். சொன்ன படிய விட்டு எழுந்திருப்பனா?”

பிறகு இருவரும் முன்னும் பின்னுமாக ஏறினோம். தரிசனம் நன்றாக ஆயிற்று. அன்று காலை நான் ஏறியது மொத்தம் ஒரு வருஷம், மூன்று மாதம், பதின்மூன்று நாள். மொட்டைக்காரர் பாதி வழி வரை துணைக்கு வந்தார், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

வீட்டு வாசலுக்கு வந்தபோது கைப்பேசி மணி இரண்டு ஐம்பது என்றது. மதியச் சாப்பாட்டு நேரம் எப்போதோ போயிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, எதிர்வீட்டு வாசலைப் பார்த்து மனைவியின் முகத்தைத் தேடினேன்.

“கால அலம்பிகினு வாங்க” என்றாள். “இன்னும் ஒல வெக்கல. நீங்க சாப்பாட்டுக்கு முன்னாடியே வந்துட்டீங்க, பொண்ணுக்கு போன் பண்ணி சொல்லிட்டேன்.”

மாலையில் மகள் பேசினாள். வாயே திறக்க மாட்டேன் என்று சொன்னவள் அரை மணி நேரம் பேசினாள். கடைசியில், “சரி, தீபாவளி வரைக்கும் அங்கயே இருங்க. அப்புறம் பாக்கலாம்” என்றாள்.

மறு வியாழக்கிழமை மையத்தில் நண்பரிடம் சொன்னேன். அவர் விரல்களை மடக்கினார். இந்த முறை நானும் கவனித்தேன்.

“தீபாவளி எந்தப் படி சார்?”

“அது ஒவ்வொரு வருஷமும் நகரும். உங்கள் கணக்கிலும் நிற்காது, என் கணக்கிலும் நிற்காது.”

“அப்படின்னா அம்பத்தூருக்கு நீங்க போவப்போறதில்ல” என்று சொல்லிவிட்டு, யார் தடுத்தும் கேளாமல், என் முழங்கையைப் பிடித்து இரும்புப் படியில் இறக்கினார்.