வாளி தூக்கிய பிசியோ

சுவிசின் லோசான் நகர ஆஸ்பத்திரியில் முதல் நாள் என் கையில் தந்தது ஒரு வாளி. கொழும்பில் பிசியோதெரபி படித்து, சில வருடம் வேலையும் பார்த்தவள் நான். எண்பதுகளின் நடுவில் அகதியாக இங்கே வந்தபோது அந்தப் படிப்பு செல்லாக்காசாகிவிட்டது. சுவிசில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. வெளிநாட்டுப் படிப்புக்கு முதலில் அங்கீகாரம், பிறகு மாநிலத்தின் உரிமம். அதுவரை பிசியோப் பகுதியில் நான் உதவியாள். சூட்டு ஒத்தடத்துக்கு ஹொட் பேக் வைக்கலாம், சக்கர நாற்காலி தள்ளலாம், கட்டில் துடைக்கலாம். நோயாளியின் கை, கால் மூட்டுகளை மட்டும் அசைக்கக் கூடாது.

சட்டம் பிழை என்று சொல்ல வரவில்லை. யார் எங்கே என்ன படித்தார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் மனம் ஆறவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் சிவராசா வந்தார். உணவகக் குசினியில் கோப்பை கழுவுகிறவர். பனியில் சறுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டவர். எலும்பு பொருந்தி, பிளாஸ்டர் கட்டும் வெட்டியாயிற்று. இனி வலித்தாலும் வீட்டில் நாள்தோறும் கையை அசைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறுகிவிடும் என்று தலைமை பிசியோவான மதாம் பிரெஞ்சில் சொல்லி, செய்தும் காட்டுவார். சிவராசா "உய், உய்" என்று பிரெஞ்சிலேயே ஓம் போட்டுத் தலையாட்டுவார். பெரிய ஆட்கள் சொன்னால் விளங்காவிட்டாலும் தலையாட்டுவது எங்கள் வழக்கம். மதாம் அதை விளங்கிவிட்டதாக எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் ஹொட் பேக் வைக்கும்போது அவர் கையில் நல்லெண்ணெயும் மஞ்சளும் மணத்தது. விசாரித்தேன். வீட்டில் அதைக் குழைத்துப் பத்துப் போட்டு, துணியால் இறுகச் சுற்றி, அசையாமல் கழுத்தில் கட்டித் தூக்கிவைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு வரும்போது மட்டும் அவிழ்ப்பாராம். முறிந்த கையை ஆட்டினால் பொருந்திய எலும்பு விட்டுவிடும் என்று கூட இருக்கும் பெடியள் சொன்னார்களாம்.

மதாம் சொன்னதையெல்லாம் தமிழில் சொன்னேன். நானும் பிசியோதான் என்றேன். அவர் என் வாளியைப் பார்த்தார்.

"குறை நினைக்காதேங்கோ, அக்கா. நீங்கள் பிசியோ எண்டால் ஏன் இஞ்ச வாளி தூக்கிறியள்?"

மாநிலம் நம்பாதது போகட்டும், எங்கள் ஆளும் நம்பவில்லை.

அந்த மஞ்சள் பத்தையும் கட்டையும் பற்றி மதாமிடம் சொன்னேன். மதாம் கண்டித்ததை நான் தமிழில் சொன்னபோதும், அக்கா தன் சொல்லைச் சேர்க்கிறாள் என்றுதான் சிவராசா நினைத்தார். உங்கள் முன்னால் ஒருதரம் அந்தக் கையைப் பிடித்துக் காட்டவா என்று மதாமைக் கெஞ்சினேன். உன் கையை நான் நம்புகிறேன், ஆனால் உரிமம் இல்லாத உன்னைத் தொடவிட்டால் என் உரிமமும் போய்விடும் என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் சிவராசா வருவதை நிறுத்திக்கொண்டார்.

மறுபடியும் பயிற்சி, பிரெஞ்சில் சோதனை என்று எல்லாம் முடித்து, எண்பதுகள் முடியும் தறுவாயில் எனக்கு உரிமம் வந்தது. கேள்விப்பட்டு சிவராசா வந்தார். அவருடைய குசினி வேலை எப்போதோ போய்விட்டது. வலது கையை மேசையில் நீட்டினார்.

"இப்ப நீங்கள் பிடிக்கலாந்தானே, அக்கா?"

"ஓம்," என்றேன்.

பிடித்தேன். காய்ந்த விறகு மாதிரி இருந்தது. விரல்கள் பாதிக்குமேல் மடங்கவில்லை, மணிக்கட்டு அசையவே இல்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், முழு நம்பிக்கையோடு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிசியோ படிக்கும் பிள்ளைகளே, நோயாளி தலையாட்டினால் விட்டுவிடாதீர்கள், செய்துகாட்டச் சொல்லுங்கள். உரிமத்துக்காக நாங்கள் காத்திருக்கலாம். மூட்டு காத்திருக்காது.