ஒரு நாள் தள்ளிச் சொன்ன டாக்டரம்மா

சேதி பஸ்ஸில் வந்தது. அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு வரும் காலை வண்டியை டிரைவர் எங்கள் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினார். அங்கே நிறுத்தம் கிடையாது. நான் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "டீச்சர், டாக்டரம்மா போயிட்டாங்க. காய்ச்சல் கண்டுச்சாம், விடியக்காலையில முடிஞ்சிருச்சு" என்றார். பயணிகள் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. அவர்களில் பாதிப் பேர் வீட்டிலாவது டாக்டரம்மா கையில் பிறந்த பிள்ளை ஒன்று இருக்கும்.

அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்டர் செசிலியா அம்மையார் அரியலூரில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியை நடத்தி வந்தார்கள். உயரமான, ஒல்லியான உருவம். கையில் ஆம்பிளைக் கடிகாரம். சிரிப்பு அபூர்வம். "இப்படி இருக்கும்னு தோணுதுங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், "பார்த்தீங்களா, நினைச்சீங்களா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்கள். நானும் இரண்டொரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அவர்களிடம் முதன்முதலாகப் போனேன். கல்யாணமாகிப் பல வருஷங்களாகியும் எனக்குக் குழந்தையில்லை. என் மாமியார் தன் மகனுக்கு அரும்பாவூரில் இன்னொரு பெண்ணைப் பார்த்தே வைத்திருந்தார். அந்தச் சமயத்தில் எனக்கு மாதவிலக்குத் தள்ளிப்போயிற்று. உண்டா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும். என் வாழ்வே அதில்தான் இருந்தது.

டாக்டரம்மா என்னைப் பின்கட்டு அறைக்கு அழைத்துப் போனார்கள். ஜன்னலில் சாக்குத் தொங்கியது. சுவரோரம் வரிசையாக மண்பானைகள், ஒவ்வொன்றின் வாயிலும் ஈரச்சாக்கு, அது விலகாமலிருக்க மேலே ஒரு கல். எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக் குழிகளில் கிடைக்கும், நத்தை கல்லாகிப்போன கற்கள் அவை. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு பானையின் சாக்கு உப்பி, மெல்ல அமுங்கியது. எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று. உள்ளே ஆண் தேரைகள் இருந்தன.

கரு தரித்த பெண்ணின் உடம்பில் ஹார்மோன் என்று ஒன்று சுரந்து சிறுநீரில் கலக்குமாம். அந்த நீரை ஆண் தேரைக்கு ஊசி போட்டால், சில மணி நேரத்தில் தேரை தன் விந்தை வெளியே விடும். மைக்ராஸ்கோப்பில் அது தெரிந்தால் ஆமாம், தெரியாவிட்டால் இல்லை. வெளிநாட்டு மருத்துவ இதழில் படித்துவிட்டு டாக்டரம்மா புதிதாக ஆரம்பித்திருந்த சோதனை. "இந்தத் தேரைக்குக் குழந்தையைத் தெரியாது டீச்சர். அந்தச் சுரப்பு இருக்கா இல்லையான்னு மட்டும்தான் சொல்லும். ஏன் இருக்குன்னு நாமதான் தேடணும்" என்றார்கள். எனக்கு முன்பாதி புரிந்தது. பின்பாதி புரிய நாளாயிற்று.

விடிந்ததும் பிடித்த நீர்தான் வேண்டுமாம். என் வீட்டுக்காரர் பெரம்பலூர்-அரியலூர் பஸ்ஸில் கண்டக்டர். முதல் வண்டியில் அவரே சீசாவைக் கொண்டு போனார். மாலையில் வந்து, "ஆமான்னு சொல்லிட்டாங்க" என்றார். சொல்லும்போது அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் அப்படி என்று நினைத்தேன். நினைத்தேன், பார்க்கவில்லை.

வீடே மாறிப்போயிற்று. அரும்பாவூர்ப் பேச்சு அடங்கியது. மாமியார் என்னைக் குடம் தூக்க விடவில்லை. என்றாலும் என் உடம்பில் ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. குமட்டலில்லை, மயக்கமில்லை. இல்லாத ஒருவருக்கு இலை போட்டுப் பரிமாறுகிற வீட்டில் இருப்பது போலிருந்தது. இரண்டு வாரத்தில் எனக்கு மாதவிலக்கு வந்துவிட்டது.

கலைந்துவிட்டது என்று அழுதோம். டாக்டரம்மா மட்டும் அதை ஒப்புக்கொள்ளாமல், கொஞ்ச நாள் கழித்து இன்னொரு சீசா அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். மறுபடியும் ஆமாம். அதற்கு மேல் மாமியார் என் பக்கத்தில் உட்காரவில்லை. "வவுத்துல இல்லாத புள்ள வூட்டுக்குள்ள எங்கடி இருக்கு?" என்று கேட்டார். பட்டப்பகலில் தனியாக உள்ளறைக்குப் போக எனக்கே பயமாக இருந்தது. அங்கே யாரோ இருக்கிறார்கள், நாங்கள் கூப்பிடக் காத்திருக்கிறார்கள் என்று பட்டது.

டாக்டரம்மா என்னை நேரில் வரச்சொல்லிச் சோதித்தார்கள். கருப்பையில் ஒன்றுமில்லை. அங்கேயே நீர் பிடித்துக் கொடுக்கச் சொல்லி என் கண் முன்னால் தேரைக்கு ஊசி போட்டார்கள். சில மணி நேரம் காத்திருந்து மைக்ராஸ்கோப்பில் வெகு நேரம் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. நிமிர்ந்தபோது அவர்கள் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு பயம் இருந்தது. வெளியே நின்ற என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "தம்பி, நீங்க கொண்டாந்தது யாரோட நீரு?" என்றார்கள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என்னோடதுங்க."

பெண்டாட்டியின் நீரை ஊர் தாண்டிக் கொண்டுபோய்த் தேரை உடம்பில் ஏற்றினால், தேரையின் தோஷம் கருவில் பாயும் என்று மாமியார் அவர் காதில் ஓதியிருக்கிறார். இல்லாத குழந்தையைக் காப்பாற்ற மனிதர் தன் நீரைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்! ஆமாம் என்று பதில் வந்ததும் அவருக்கே திகைப்பு. எல்லோரும் பூரித்துக் கிடக்க, எந்த வாயால் சொல்வது? முதல் பொய் வெளிப்பட்டுவிடுமே என்றுதான் இரண்டாவது சீசாவும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆம்பிளை பிள்ளையாண்டிருக்கிறார் என்றால் யாருக்குத்தான் வராது? டாக்டரம்மா சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார்கள்.

"ஆம்பிளை உடம்புல இது வரவே கூடாதுங்க தம்பி. வந்திருக்குன்னா உள்ள ஒரு கட்டி இருக்கு. அது கர்ப்பம் மாதிரி நடிக்குது."

கட்டி இருந்தது. விதைப்பையில், சுண்டைக்காய் அளவில். வலிக்கவில்லை என்பதால் அவர் யாரிடமும் சொன்னதில்லை. நாங்கள் வீடெல்லாம் தேடிய அந்த யாரோ இத்தனை நாளும் அவருக்குள் உட்கார்ந்திருந்தது. டாக்டரம்மா அந்த வாரமே சென்னைக்கு எழுதி ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தார்கள். ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு மாதாமாதம் அவர் தன் சீசாவைத் தானே கொண்டு போனார். மாதாமாதம் தேரை இல்லை என்றது. இல்லை என்ற சொல்லுக்காக நான் அப்படி ஏங்கியது அதற்கு முன்பு கிடையாது. எனக்கு மறுபடி நாள் தள்ளியபோது, இரண்டு சீசாக்களை எடுத்துக்கொண்டு இருவருமாகப் போனோம். இந்த முறை என்னுடையது என்னுடையதுதான்.

பகல் முழுக்க ஆஸ்பத்திரி மரத்தடியில் காத்திருந்தோம். டாக்டரம்மா வெளியே வந்து, "டீச்சர், உங்களுக்கு ஆமா" என்றார்கள்.

"எனக்குங்க?" என்றார் அவர்.

"நாளைக்கு இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன். இன்னைக்கு டீச்சரைப் பத்திரமா வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அன்று சாயங்காலம் அல்வாவும் மல்லிகைப் பூவும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இவர் என் வயிற்றுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, "சீட்டு இருக்கு, ஏறுங்க, ஏறுங்க" என்று கண்டக்டர் குரலில் கூப்பிட்டார். பெண்ணா பையனா என்று சண்டை போட்டோம். நான் ஜெயித்தேன். அப்படிச் சிரித்து வெகு காலமாகியிருந்தது.

மறுநாள் மத்தியான வண்டியிலிருந்து டாக்டரம்மா இறங்கினார்கள். ஆஸ்பத்திரியை விட்டு அவர்கள் பஸ் ஏறியதை யாரும் கண்டதில்லை. அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் இவர் வந்தார். "டிக்கெட்டுக்குக் காசு நீட்டினாங்க, நான் வாங்கலை" என்றார். அவர் குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வழியெல்லாம் அவருக்கும் தெரிந்திருக்கிறது. தன் தீர்ப்பைத் தானே சீட்டில் உட்காரவைத்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார். டாக்டரம்மா எங்கள் இருவரையும் பார்த்து, "ரெண்டு சீசாவும் ஒரே பதில்தான் சொல்லுச்சு" என்றார்கள்.

அன்று காலையில்தான் அவர் பஞ்சு மூட்டையைத் தூக்கி பஸ் கூரையில் போட்டிருந்தார். இருமல்கூடக் கிடையாது. சாப்பிடுகிற, பாடுகிற மனிதரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உடம்புக்கே தெரியாத ஒன்றை நான் தெரிந்து வைத்திருந்தேன். அந்த நாட்களின் பயத்தை எழுத எனக்கு வரவில்லை. பிறகு கட்டி நெஞ்சுக்குப் பரவி இருமல் வந்தது, இருமலில் ரத்தம் வந்தது. மகள் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார்.

அவளைக் கையில் ஏந்தியவர்களும் டாக்டரம்மாதான். துணியில் சுற்றி என் பக்கத்தில் கிடத்திவிட்டு, கட்டிலோரத்தில் உட்கார்ந்தார்கள். "டீச்சர், மறுநாள் திரும்பப் பார்த்ததெல்லாம் சும்மா. அன்னைக்கே தெரிஞ்சிருச்சு. பார்த்ததை மறைச்சது என் ஆயுசுல அது ஒண்ணுதான். என்னை மன்னிச்சிடுங்க" என்றார்கள். அவர்கள் கண் கலங்கியிருந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. எனக்குப் பேசத் தெம்பில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

நேற்று கல்லறைத் தோட்டத்தில் இடுப்பில் குழந்தையோடு பெண்கள் வரிசையாக நின்று மண் போட்டார்கள். நானும் நின்றேன். என் முறை வந்தபோது மகளின் கையைப் பிடித்து மண்ணை அள்ளவைத்தேன். அவள் விரலை விரிக்க மாட்டேன் என்றாள். ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

டாக்டரம்மா, மன்னிக்க ஒன்றுமில்லை. நாங்கள் மூன்று பேரும் பயமில்லாமல் ஒன்றாக இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். அதை நீங்கள்தான் கொடுத்தீர்கள். போயிட்டு வாங்க.