பிலோமினா பிடித்த திருடன்

போன செவ்வாய்க்கிழமை கூரியர்காரர் ஒரு பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தால்... ஒரு பழைய இங்கிலீஷ் நாவல். அட்டையில் தென்னை மரங்கள், நீலக் கடல், டார்ச் லைட்டோடு ஒரு பெண்.

என் மகன் இன்டர்நெட்டில் எங்கேயோ தேடிப் பிடித்து வரவழைத்திருக்கிறான். "இதைத்தானேம்மா நான் பொறந்ததுலேர்ந்து சொல்லிட்டிருக்கே?" என்றான். இதைத்தான்! ஆனால் அவனிடம் நான் சொன்னது பாதிக் கதை. மீதியை இங்கே சொல்லிவிடுகிறேன் — உங்களிடம் எனக்கென்ன வெட்கம்?

அறுபதுகள் முடிகிற சமயம். எனக்குப் பதின்மூன்று வயது. ராயபுரத்தில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் கிளார்க். கப்பல்காரர்கள் படித்துவிட்டுப் போட்டுவிட்டுப் போகும் புத்தகங்களை எனக்காகக் கொண்டு வருவார். அப்படி வந்ததுதான் இந்த நாவல். ஒரு தொடரில் துப்பறிகிற பெண், இன்னொரு தொடரில் துப்பறிகிற பையன் — இரண்டு பேரும் ஒரே புத்தகத்தில், ஒரு தீவில் சந்திக்கிறார்கள்! இரண்டு பெரிய ஹீரோக்கள் ஒரே படத்தில் நடித்தால் விடுவோமா? சோறு தண்ணி மறந்து படித்தேன்.

படித்ததைச் சொல்ல ஆள் வேண்டுமே? பிலோமினா இருந்தாள். மீன்பிடிக்கிற வீட்டுப் பெண். ஐந்தாவது வரை என் பக்கத்து சீட்டு. அப்புறம் நான் கான்வென்டுக்குப் போனேன். அவளை 'வூட்டுக்கு ஆள் வேணும்' என்று நிறுத்திவிட்டார்கள். மத்தியானத்தில் கடற்கரை மணலில் கருவாடு காயும். காக்கா விரட்டுவது அவள் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து, இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போவது என் வேலை.

என்ன மாதிரியான மத்தியானங்கள் அவை! தெற்கே துறைமுகத்துக் கிரேன்கள் வெயிலில் அசையாமல் நிற்கும். வடக்கே எண்ணூர்ப் பக்கம் புகை மெதுவாக மேலே போகும். கொஞ்ச நேரத்தில் கிரேனும் இல்லை, புகையும் இல்லை... நாங்கள் தீவில் இருப்போம். கருவாட்டு நாற்றம் மட்டும் கூடவே வரும்.

"தென்ன மரம், கடலு, வெயிலு... நம்ம ஊரு மாரியே கீது. இத்தப் பாக்கவா அவ்ளோ தூரம் கப்பல் ஏறிப் போனாங்கோ?" — இது பிலோவின் முதல் விமர்சனம்.

கதை இதுதான். தீவில் ஒரு ஹோட்டல்; அங்கே ஒரு சமையல்காரன், ஒரு படகுக்காரன். ஒரு ராத்திரி அங்கே முத்து மாலை காணாமல் போகிறது. சமையல்காரன்தான் திருடன் என்று நான் சத்தியமே செய்தேன். அவன் முழிக்கிற முழியே சரியில்லை! பிலோ அதைக் காதிலேயே வாங்கவில்லை. "அந்தப் படகுக்காரன் இன்னா சொன்னான்? மறுக்கா படி" என்றாள்.

படித்தேன். ராத்திரி முழுக்கக் கடலில் இருந்தானாம். விடியற்காலையில்தான் பாய் விரித்து, காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு நேராகக் கரைக்கு வந்தானாம்.

"புளுவுறான்! வெடிகால கரையிலேர்ந்து கடலுக்குத்தான்டி காத்து அடிக்கும். எங்க நைனா அதுலதான் பாய் கட்டிகினு போவாரு. மத்தியானமா கடக்காத்து கெளம்புனாத்தான் திரும்புவாரு. இவன் மட்டும் எப்டி வருவான்? ராவுல அவன் தீவுலதான் இருந்துகீறான்."

"இது வேற கடல், பிலோ" என்று சமாளித்தேன்.

"காத்துக்கு இன்னா, ஊருக்கு ஒரு சட்டமா?"

அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "வசந்தா, நான் சொன்னது கரெக்டா இருந்தா நைனாகிட்ட கேட்டு மறுபடி ஸ்கூலுக்குப் போவேன். இங்கிலீஷ் புக்கு எழுதுனவன் மூளை எனுக்கும் கீதுன்னு சொல்லுவேன்."

அன்று சாயந்திரம் வீட்டில் மீதியைப் படித்தால்... கடைசிப் பதினாறு பக்கங்கள் இல்லை! எந்தக் கப்பலில் எந்தப் பாவி கிழித்தானோ. திருடனைப் பிடிக்கிற நேரத்தில் கதை அறுந்து நிற்கிறது.

மறுநாள் பிலோ தலை வாரி, ரிப்பன் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பக்கங்கள் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருந்த கடைசிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, படிக்கிற மாதிரியே ஒரு முடிவை அடித்துவிட்டேன். திருடன் சமையல்காரன்! மாலை இருந்தது மாவு டப்பாவில்!

ஏன் அப்படிச் செய்தேன்? பொறாமைதான், வேறென்ன? கான்வென்டில் படிக்கிற எனக்குத் தெரியாதது, காக்கா விரட்டுகிறவளுக்குத் தெரிந்துவிட்டதே!

பிலோ புத்தகத்தையும் என்னையும் பார்த்தாள். "புக்குல அப்டி போட்டுகீதா? சரி" என்றாள். எழுந்து காக்கா விரட்டப் போனாள். ஸ்கூல் பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை.

பார்சல் வந்த அன்று அந்தப் பதினாறு பக்கங்களையும் நின்றபடியே படித்தேன். படகுக்காரன்தான்! அவனைக் காட்டிக்கொடுத்தது விடியற்காலைக் காற்று. துப்பறியும் பெண்ணும் பையனும் புத்தகம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டதை, பிலோ ஒரே மூச்சில் சொல்லியிருந்தாள்.

மறுநாளே திருவொற்றியூருக்கு ஓடினேன். அங்கேதான் பிலோ தன் மகன் வீட்டில் இருக்கிறாள். கல்யாணம், சாவு என்று இத்தனை வருடமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். இதை மட்டும் பேசியதில்லை. வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். புத்தகத்தைக் காட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுகை வந்துவிட்டது.

"தெரியுமே" என்றாள் பிலோ. "அன்னிக்கி அவ்ளோ நேரம் படிச்சே... ஒரு தபாகூட பக்கத்தத் திருப்பல நீ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா நைனாகிட்ட கேக்காம விட்டே?"

"கூடப் படிச்சவ... உனுக்கே நான் கரெக்டுன்னு சொல்ல மனசு வரல. அவரு எங்க ஒத்துக்கப் போறாரு?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். போய்விடலாம் என்று எழுந்தேன்.

பிலோ கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"எங்க கெளம்பிட்ட? உக்காந்து கடைசியப் படி. இந்த தபா பக்கத்தத் திருப்பிப் படி."